பற்று வரவு

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன பையன்களுக்கு அசையும் சொத்து என்று ஒன்று இருந்ததென்றால், அது டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டுதான். மல்யுத்த வீரர்களின் படம் போட்ட சீட்டுக்கட்டு. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், எத்தனை சண்டை போட்டார், எத்தனையில் ஜெயித்தார் என்று படத்துக்கு அடியில் ஒரு ஜாதகமே அச்சடித்திருக்கும். "ஹைட்டு!", "வெயிட்டு!" என்று கத்தி, பெரிய நம்பர் வைத்திருப்பவன் சின்ன நம்பர்காரனின் சீட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர், ஆறு போய்விட்டது, ஒன்றுதான் பாக்கி என்று ஆறாம் வகுப்பில் அம்மா மேல் சத்தியம் செய்தவர்கள் இன்று பாங்க் மேனேஜர்களாக இருக்கிறார்கள். நமக்கே லோன் கொடுக்கிறார்கள்!

அந்தக் கூட்டத்தில் தோளில் மலைப்பாம்போடு ஒருத்தர் உண்டு. ஜேக் 'தி ஸ்னேக்' ராபர்ட்ஸ். எதிராளியின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அப்படியே பின்னால் சாய்ந்து தலைகுப்புறத் தரையில் இறக்குவது அவர் பிரபலமாக்கிய பிடி. அதற்குப் பெயர் டி.டி.டி. ஆமாம், மலேரியா கொசுவுக்காக வீடு வீடாக வந்து அடித்தார்களே, அதே டி.டி.டி.! எதிராளி மூர்ச்சையானதும் மூட்டையை அவிழ்த்துப் பாம்பை அவன் மேல் விடுவார். இங்கே டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும் நாம் கட்டில் மேல் ஏறி நின்றுகொள்வோம்.

இத்தனைக்கும் அவருக்கே பாம்பென்றால் பயமாம். பின்னாளில் அவரே சொன்னது.

அவருடைய சீட்டில் அச்சடிக்காமல் விட்ட நம்பர் ஒன்று இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் என்பது.

இந்த மனிதர் இப்போது ஞாபகத்துக்கு வரக் காரணம், எங்கள் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரி விழா. 'தன்னம்பிக்கை உரை' நிகழ்த்த என் தாய்மாமாவைக் கூப்பிட்டிருந்தார்கள். மாமா மல்யுத்தக்காரர் அல்ல, லாரி மெக்கானிக். ஆனால் அவருடைய புஜத்தைப் பார்த்து, சின்ன வயசில் நாங்கள் அவரை எந்தச் சீட்டோடும் மோதவிடத் தயாராக இருந்தோம். அவரிடமும் அந்த அச்சடிக்காத நம்பர் இருந்தது.

மாமாவிடம் அப்புறம் வருகிறேன். முதலில் பாம்புக்காரர்.

* * *

ஜேக் ராபர்ட்ஸ் 1955-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்தவர். அப்பாவும் மல்யுத்தக்காரர். 1986-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனிக்கு வந்து, ஆறு வருஷம் கொடிகட்டிப் பறந்தார்.

அந்தச் சண்டையெல்லாம் நாடகம், யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்த அன்று, நம்மில் பலர் சாப்பிடாமல் படுத்தோம். நாடகம்தான். யார் விழுவது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். விழும்போது முதுகு பலகையில் மோதுவதைப் பேசித் தீர்க்க முடியுமா? தினம் ஓர் ஊர், தினம் ஓர் அரங்கம், தினம் ஒரு லாட்ஜ். வலிக்கு மாத்திரை, தூக்கத்துக்குக் குடி, மறுநாள் எழுந்து நிற்க இன்னொன்று. ஜேக்குக்கு அந்த 'இன்னொன்று' கொக்கெய்ன் வரை போனது.

1992-ல் கம்பெனியை விட்டுப் போனார். 1996-ல் திரும்பி வந்தார். எப்படி வந்தார் தெரியுமோ? கையில் பைபிளோடு! குடியை விட்டுத் திருந்திய மனிதராக. மைக்கைப் பிடித்து நல்வழி பேசினார். ஜனங்கள் கைதட்டினார்கள். அந்த ஜூன் மாதம் 'கிங் ஆஃப் தி ரிங்' இறுதிச் சண்டையில் ஸ்டீவ் ஆஸ்டினிடம் தோற்றார். ஜெயித்த ஆஸ்டின், இவருடைய வேத வசனப் பேச்சைக் கிண்டலடித்து, பைபிள் அத்தியாயம் மாதிரியே 'ஆஸ்டின் 3:16' என்று ஒன்றை எடுத்துவிட்டார். நம்மூர் பிளாட்பாரக் கடை வரைக்கும் வந்ததே அந்தக் கறுப்பு டி-ஷர்ட், அது பிறந்த கதை இதுதான். ஆகஸ்டில் இன்னொரு சண்டை. விழுந்து கிடந்த ஜேக்கின் வாயில் ஜெர்ரி லாலர் என்பவர் விஸ்கியை ஊற்றினார். அதுவும் நாடகத்தில் ஒரு காட்சி. டிக்கெட் வாங்கியவர்கள் பார்த்தார்கள்.

வேஷம் திருந்தியது, ஆள் திருந்தவில்லை. மறுபடியும் குடி. 1997-ல் மறுபடியும் வெளியே. 1999-ல் 'பியாண்ட் தி மேட்' என்றொரு டாகுமெண்டரி வந்தது. சின்ன ஊர்க் கூடங்களில் சண்டை போட்டுப் பிழைக்கும் ஜேக்கையும், பெற்ற மகளிடம் பேசத் தடுமாறும் ஜேக்கையும் உலகம் பார்த்தது.

ஒன்றைக் கவனித்தீர்களா? திருந்தியவன் பேசும் பேச்சு 1996-லேயே வந்துவிட்டது. திருந்துவதற்கு மேலும் பதினாறு வருஷம் ஆனது.

2012-ல் நடந்தது இது. டயமண்ட் டல்லஸ் பேஜ் என்று இன்னொரு மல்யுத்தக்காரர். பெரும்பாலானவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் முப்பத்தைந்து வயசில் கோதாவில் இறங்கியவர். அவருக்கு ஆரம்பத்தில் தொழில் சொல்லிக் கொடுத்தவர்களில் ஜேக்கும் ஒருவர். 1998-ல் முதுகு போய்ப் படுத்த பேஜ், மனைவி சொல்லி யோகாசனம் பழகி எழுந்தார். அதில் கொஞ்சம் தன் சரக்கையும் கலந்து 'டி.டி.பி. யோகா' என்று ஒரு வியாபாரமே நடத்தினார். ஓர் ஆசனத்துக்கு 'டயமண்ட் கட்டர்' என்று தன்னுடைய மல்யுத்தப் பிடியின் பெயரையே வைத்திருக்கிறார். பதஞ்சலி மன்னிப்பாராக!

அந்த பேஜ், உடம்பு பெருத்து, குடியில் மூழ்கிக் கிடந்த ஜேக்கை அட்லாண்டாவில் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு வந்து வைத்துக்கொண்டார். காலையில் யோகா, கட்டுப்பாடான சாப்பாடு, கூடவே கேமரா. அந்த வீட்டுக்கு ஒரு பெயரும் உண்டு: 'அக்கவுண்டபிலிட்டி கிரிப்'. நம் பாஷையில் சொன்னால், கணக்குச் சொல்லும் வீடு.

ஜேக் அங்கேயும் வழுக்கினார். ஒளித்துக் குடித்தார். பேஜ் கத்தினார், சண்டை போட்டார், மறுநாள் காலை மறுபடி யோகா பாயை விரித்தார். தோள்பட்டை ஆபரேஷனுக்கு ரசிகர்கள் இன்டர்நெட் மூலம் பணம் போட்டார்கள். இதையெல்லாம் மறைக்காமல் 2015-ல் 'தி ரிசரக்‌ஷன் ஆஃப் ஜேக் தி ஸ்னேக்' என்று படமாகவே எடுத்து வெளியிட்டார்கள். அதற்கு முந்தின வருஷம், 2014 ஏப்ரலில், பழைய கம்பெனி அவரைத் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்தது. மேடைக்கு அவரை அறிமுகம் செய்து அழைத்தவர் பேஜ். அதன்பின் ஜேக் ஊர் ஊராகப் போய் மேடையில் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். இந்தத் தடவை வேஷம் இல்லை.

அதே வீட்டில் 2013-ல் வந்து தங்கியவர் ஸ்காட் ஹால். நம் சீட்டுக்கட்டில் 'ரேஸர் ரமோன்', வாயில் பல்குச்சியோடு நிற்பாரே, அவர்தான். அவரும் எழுந்து நின்றார். ஜேக்கோடு அதே வருஷம் அவருக்கும் புகழ் மண்டபம். 2022 மார்ச்சில், இடுப்பு ஆபரேஷனுக்குப் பின் மாரடைப்பு வந்து, 63 வயசில் போய்விட்டார். எழுந்தவர்கள் எல்லாருக்கும் கதை சுபமாக முடிவதில்லை. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

* * *

நான் பி.காம். அதுவும் தமிழ் மீடியம். எங்களுக்கு 'டெபிட்' கிடையாது, 'பற்று'. 'கிரெடிட்' கிடையாது, 'வரவு'. பற்று என்றால் விடமுடியாத ஆசை என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்பது, பாடப்புத்தகம் எழுதிய புண்ணியவானுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ!

இரட்டைப் பதிவு முறையில் விதி ஒன்றுதான். எந்தப் பற்றுக்கும் சமமாக எங்கேயோ ஒரு வரவு இருந்தே தீரவேண்டும். இருப்பாய்வு எழுதும்போது இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லையா? தற்காலிகமாக ஒரு வழி சொல்லிக் கொடுப்பார்கள். வித்தியாசத்தை 'அனாமத்துக் கணக்கு' என்று ஒரு தலைப்புப் போட்டு அதில் தள்ளிவிடுவது. பரீட்சையில் அந்தக் கணக்கு எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்று காமர்ஸ் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தன்னம்பிக்கைப் பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த அனாமத்துக் கணக்குதான் ஞாபகம் வரும். இடது பக்கம் 'விழுந்தேன்'. வலது பக்கம் 'எழுந்தேன்'. நடுவில் பெரிய தொகை ஒன்று உதைக்கும். பேச்சாளர் அதை 'ஒருத்தர் கை கொடுத்தார்' என்று அரை வரியில் தள்ளிவிட்டு, அடுத்த கைதட்டலுக்குப் போய்விடுவார். அந்த ஒருத்தர் யார்? எத்தனை வருஷம் கை கொடுத்தார்? அந்தக் கைக்கு வலித்ததா? இதெல்லாம் இருப்புநிலைக் குறிப்பில் 'பற்பல கடனீந்தோர்' என்ற பட்டியலில் வரவேண்டிய பெயர்கள். மேடையில் வருவதே இல்லை.

ஜேக்கின் கதையில் எனக்குப் பிடித்தது இதுதான். அந்தப் படத்தைப் பார்க்கிற யாருமே பேஜை மறக்க முடியாது. கடன் கொடுத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிற அபூர்வமான கணக்கு அது.

எங்கள் ஊருக்கே ஆதி கதை ஒன்று உண்டு. அருணகிரிநாதர். பதினைந்தாம் நூற்றாண்டு. இளமையெல்லாம் சிற்றின்பத்தில் போய், உடம்பில் நோய் வந்து, கையில் காசில்லாமல், வல்லாள மகாராஜா கோபுரத்தின் மேலேறிக் குதித்தார் என்பது செவிவழி வரலாறு. முருகன் தாங்கிப் பிடித்து, பாடு என்றான். திருப்புகழ் பிறந்தது. கோபுரத்தை ஒட்டிய கோபுரத்து இளையனார் சந்நிதியைக் காட்டி, "இங்கதான் சாமி புடிச்சாரு" என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லாத அண்ணாமலைவாசி கிடையாது. 1964-ல் டி.எம்.சௌந்தரராஜன் அருணகிரியாகவே நடித்துப் படமும் வந்தது.

அந்தக் கதையில் ஓர் அக்காள் உண்டு. தம்பி கேட்கக் கேட்கக் கொடுத்தவள். இருந்த காசு போய், நகை போய், ஒரு நாள் அவர் வந்து கை நீட்டியபோது கொடுக்க எதுவுமே மிச்சமில்லை. அன்றைக்கு அவள் மனம் வெந்து சொன்ன ஒரு சொல்தான் தம்பியைக் கோபுரத்தில் ஏற்றியது என்பார்கள். அதாவது, கொடுத்துக்கொண்டே இருந்த வரைக்கும் அவர் மாறவில்லை. கணக்கு முடிந்தது என்று சொன்ன அன்றுதான் சுட்டது.

ஆனால் கீழே தாங்குவதற்கு அவருக்கு முருகன் இருந்தார். எல்லா வீட்டுக் கதையிலும் இருப்பார் என்று நம்பிக் குதிக்க முடியாது.

* * *

இப்போது மாமா.

பேரைச் சொல்லக் கூடாது. அது அவர்கள் சங்கத்தின் ஏற்பாடு. எனக்கும் வசதி.

வேட்டவலம் ரோடு பக்கம் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப். எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே எந்த வால்வு தகராறு என்று சொல்லிவிடுவார். விழுப்புரத்திலிருந்து, வேலூரிலிருந்தெல்லாம் லாரிகள் தேடி வரும். வேலை முடிந்து சாயங்காலம் 'உடம்பு வலிக்கு' என்று ஆரம்பித்தது, பிறகு காலையில் கை நடுக்கத்துக்கு என்று ஆனது. தமிழ்நாட்டில் 2003 கடைசியிலிருந்து சில்லறை விற்பனை முழுக்க அரசாங்கத்தின் கையில். மாமா மாதிரி தவறாமல் வரி கட்டிய குடிமகனை நான் பார்த்ததில்லை.

ஒரு தடவை தானாகவே சத்தியம் செய்து, சட்டென்று நிறுத்தினார். மூன்றாம் நாள் ஒர்க்‌ஷாப்பிலேயே வலிப்பு வந்து விழுந்தார். 'விட்டா செத்துருவாரு போல இருக்கே' என்று பயந்து, சொந்தக்காரர்களே பாட்டில் வாங்கிக் கொடுத்த கூத்தும் நடந்தது. வருஷக்கணக்காகக் குடித்த உடம்பில் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணில் தெரிவது எல்லாம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர் மேற்பார்வையில்தான் விடவேண்டும். இது எங்கள் வீட்டில் அப்போது யாருக்கும் தெரியாது.

ஒரு கார்த்திகை தீபம். 2,668 அடி உயர மலை உச்சியில் மாலை ஆறு மணிக்குக் கொப்பரையில் தீபம் ஏறுகிறது. லட்சோப லட்சம் ஜனம் மலையைப் பார்த்துக் கைகூப்பி 'அரோகரா' போடுகிறது. அத்தை மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தில் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போகிறார். மாமா காலையிலிருந்து காணோம். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு லாரிக்கு அடியில் கிடைத்தார். ரிப்பேர் பார்க்கப் படுத்திருக்கிறார் என்றுதான் எல்லாரும் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் அத்தை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போளூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நாலாம் நாள் மாமா பூவும் பழமும் மன்னிப்புமாகப் போய் நின்றார்.

"மன்னிப்பு வேணாம். வெச்சிக்க எடம் இல்ல" என்றாராம் அத்தை. "மூணு விஷயம். ஒண்ணு, ஆஸ்பத்திரி. ரெண்டு, ஒர்க்‌ஷாப் காசு என் கையில. மூணு, தினம் நான் கணக்கு எழுதுவேன். அதுல பொய் சொல்லக் கூடாது. ஒத்துக்கிட்டா வரேன்."

அமெரிக்காவில் பேஜ் வீட்டுக்கு வைத்த பெயரைப் போளூரில் ஒருத்தர் தனியாகவே கண்டுபிடித்திருக்கிறார்!

மாமாவைச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் இந்த வைத்தியத்துக்கு வழி போட்டவர் சாந்தி ரங்கநாதன். குடியால் கணவரை இழந்தவர். அழுது ஓய்ந்துவிடாமல், 1980-ல் கணவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தார். சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை என்று எல்லாருக்கும் தெரிவது அதுதான். 1992-ல் பத்மஸ்ரீ வாங்கினார். குடிப்பவருக்கு மட்டும் வைத்தியம் செய்தால் போதாது, வீட்டுக்காரர்களையும் உட்கார வைத்துப் பேசவேண்டும் என்பது அங்கே ஆரம்பத்திலிருந்தே பாடம்.

வீடு திரும்பியதும் மாமா 'ஏ.ஏ.' கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் பிறந்த சங்கம். ஆரம்பித்தவர்கள் இருவர். ஒருவர் பங்கு மார்க்கெட்டில் இருந்த பில் (நம்ம டிபார்ட்மெண்ட்!). இன்னொருவர் டாக்டர் பாப். வெளியூர் வந்த இடத்தில் பில்லுக்குக் குடிக்க வேண்டும் போல் கை அரித்தது. பாரில் நுழைவதற்குப் பதிலாக, தன்னைப் போலவே தவிக்கும் இன்னொரு குடிகாரனைத் தேடிப் பிடித்துப் பேசினார். அவர்தான் டாக்டர் பாப். யாருக்கும் புத்தி சொல்ல ஆரம்பித்ததல்ல அந்தப் பேச்சு. பேசுகிறவன் அன்றைக்குக் குடிக்காமல் இருப்பதற்காக ஆரம்பித்தது. கூட்டத்தில் எழுந்து, பேரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்பார்கள். 'நோயாளியாக இருந்தேன்' என்று இறந்த காலத்தில் சொல்வதில்லை.

பில்லின் மனைவி லோயிஸ் 1951-ல் இன்னொரு சங்கம் ஆரம்பித்தார். அல்-அனான். இது வீட்டுக்காரர்களுக்கு. அங்கே மூன்று பாடம் சொல்கிறார்கள்: இந்த நோய்க்கு நீ காரணமில்லை, இதை உன்னால் அடக்க முடியாது, உன்னால் குணப்படுத்தவும் முடியாது. கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் 'பொண்டாட்டி சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்?' என்று கேட்கிற நம் தெருவுக்கு இதை போர்டு எழுதி மாட்டலாம்.

அத்தையின் கணக்கு எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டும். ஜவுளிக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர். தேதிக்குக் கீழே பால் கணக்கு: அரை, அரை, முக்கால். அதற்குக் கீழே மாமா கணக்கு. குடிக்காத நாளுக்கு ஒரு பூஜ்யம். குடித்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. அதை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எழுதுவார், முன்கூட்டி எழுத மாட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நாலு மாசம் வரிசையாகப் பூஜ்யம். ஒரு சொந்தக்கார வீட்டு வளைகாப்புக்குப் போய் வந்த அன்று பெருக்கல். அதை அடிக்கவில்லை, அழிக்கவில்லை. மறுநாள் பஸ்ஸில் மறுபடி ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் பதினோரு வருஷமாகப் பூஜ்யம். காலண்டர்கள் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, பரண் மேல் இருக்கின்றன. எந்த ஆடிட்டரும் குறை சொல்ல முடியாத லெட்ஜர்.

* * *

கல்லூரிக்கு வருவோம்.

நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்த இளைஞர் மாமாவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். "ஸார், பத்து நிமிஷம். விழுந்தது மூணு நிமிஷம், எழுந்தது ஏழு நிமிஷம். நடுவுல ஒரு டர்னிங் பாயிண்ட் வெச்சிருங்க."

"வெச்சிடலாம் தம்பி. ஸ்டியரிங் யார் கையில இருந்துச்சுன்னு சொல்லணுமா, வேணாமா?" என்று கேட்டிருக்கிறார் மாமா.

முதல் நாள் ராத்திரி என்னைக் கூப்பிட்டார். "இன்னா மாப்ள பேசறது? நீதான் பத்திரிகைல எழுதறவனாச்சே."

"அத்தையைப் பத்திப் பேசுங்க மாமா. அதுதானே கதை?" என்றேன்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்."

கூச்சம் என்றுதான் நினைப்பீர்கள். தோசைக் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்று அத்தை சொன்ன காரணம் வேறே.

"பொறுமையா இருந்தா, தெய்வம் மாதிரி காப்பாத்துனான்னு மேடையில இவர் சொல்லுவாரு. எல்லாம் கைதட்டும். கீழ உக்காந்திருக்கிற பொண்ணுங்க இன்னா நெனைக்கும்? நாளைக்கு நமக்கும் ஒருத்தன் இப்படி வாய்ச்சா, நாமளும் பொறுத்துக்கணும்போலன்னு நெனைக்கும். நான் பொறுமையா இருந்த ஒன்பது வருஷத்துல இவர் ஒரு நாள் நிறுத்தல. நான் போளூர் பஸ் ஏறுனப்புறம்தான் நிறுத்துனாரு. அதைச் சொல்ல இவருக்குத் தைரியம் இருந்தா, என் பேரைச் சொல்லட்டும்."

தோசை தீயும் வாசனை வந்தது. உள்ளே போய்விட்டார்.

கடன் கொடுத்தவர் பட்டியலில் பேரைச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும் என்பது பி.காம். படிப்பு. அத்தை படித்தது எட்டாம் வகுப்பு. எந்தத் தலைப்பின் கீழ் பேரைப் போடுகிறோம் என்பதுதான் விஷயம் என்று தெரிந்து வைத்திருந்தார். தியாகம் என்ற தலைப்பில் போட்டால் பொய்க்கணக்கு. 'திருப்பித் தந்தால்தான் ஆச்சு' என்று வந்து வாசலில் நின்ற கடன்காரி என்று போட்டால், அது சரியான பதிவு.

மறுநாள் மாமா பேசினார். சரியாக நாலு நிமிஷம். கையைக் கட்டிக்கொண்டு, சர்வீஸுக்கு வந்த வண்டியைப் பற்றி ஓனரிடம் சொல்கிற மாதிரி பேசினார். வலிப்பு வந்தது, லாரிக்கு அடியில் கிடந்தது, வளைகாப்பு வீட்டில் வழுக்கியது. அப்புறம் சொன்னார்:

"என் வீட்டுக்காரம்மா பொறுத்துக்கிட்டவரைக்கும் நான் குடிச்சேன். பொறுக்க மாட்டேன்னு கிளம்புனாங்க, பயந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டர்னிங் பாயிண்ட் கேட்டாங்க, இதுதான். பதினோரு வருஷமா குடிக்கல. நேத்து வரைக்கும் கணக்கு சுத்தம். இன்னிக்குக் கணக்கு ராத்திரி பத்து மணிக்கு மேலதான் எழுதுவாங்க. அதனால இன்னிக்கிப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. வணக்கம்."

சிரித்தார்கள். சட்டென்று சிரிப்பு நின்றது. கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு நிமிஷம் மண்டபம் முழித்தது. மிச்சமிருந்த ஆறு நிமிஷத்தை என்ன செய்வது என்று ஏற்பாட்டு இளைஞரும் முழித்தார்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் அத்தை பையோடு நின்றிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, முதல் ஆளாக எழுந்து வந்தவர். ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்தான். முதல் வருஷ மாணவனாக இருக்கவேண்டும். மாமாவைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், நேராக அத்தையிடம் போனான்.

"ஆன்ட்டி, அந்தக் கணக்கு… எங்க வீட்ல எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. எங்க அப்பாவுக்கு நான் எழுதலாமா?"

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ படிக்கிற புள்ள. அந்தக் கணக்கை நீ எழுதாதப்பா. உன் நோட்டை மட்டும் எழுது. அம்மாவைக் கூட்டிட்டு வா, நான் பேசறேன். எழுதத் தெரியலன்னா இன்னா, பூஜ்யம் போட யாருக்குத் தெரியாது?"

விழா அழைப்பிதழை வாங்கி, 'சிறப்புரை' என்று பெரிதாக அச்சடித்திருந்த பக்கத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். பையன் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மணி பதினொன்றே முக்கால். கூட்டத்திலிருந்து எப்படியோ பிய்த்துக்கொண்டு வந்த மாமா, ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து ஆரன் அடித்தார்.

"சீக்கிரம் ஏறும்மே. பன்னண்டு மணிக்குக் கடை தொறந்துருவான். அதுக்குள்ள வூட்டுக்குப் போயிடலாம்."